பதினாறு குதிரைகளும் ஒரு பிடி புளியங்கொட்டையும்

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே உள்ள எயின்ட்ரீ மைதானத்தில் ‘கிராண்ட் நேஷனல்’ என்னும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம் நடைபெற்றது. இது சமதரையில் ஓடும் பந்தயம் அன்று. வழிநெடுக முப்பது தடைகள். வேலியையும் பள்ளத்தையும் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். அன்று 44 குதிரைகள் புறப்பட்டன.

23ஆம் தடையருகே ஒரு விபரீதம் நிகழ்ந்தது. தன் மேலிருந்த ஜாக்கியை முன்னரே இழந்துவிட்டுச் சும்மா ஓடிக்கொண்டிருந்த குதிரை ஒன்று திடீரெனக் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றன. சில விழுந்தன. வெகுதூரம் பின்தங்கி வந்த ‘ஃபாய்னவான்’ என்ற குதிரைக்கு மட்டும் நிலைமையைப் பார்த்து விலகிச் செல்ல நேரம் இருந்தது. இடைவெளி ஒன்றில் புகுந்து தாண்டியது. ஒருவரும் எதிர்பாராத அந்தக் குதிரையே வென்றது.

ஃபாய்னவான் மீது புக்மேக்கரிடம் ஒரு ஷில்லிங் வைத்தவருக்கு 100 ஷில்லிங் ஆதாயம் கிடைத்தது. அதே மைதானத்தில் ‘டோட்’ என்னும் சாளரத்தில் வைத்தவருக்கோ 444 ஷில்லிங் கிடைத்தது! எல்லோரும் வெல்லும் என நம்பிய ‘ஹனி எண்ட்’ இரண்டாவதாகத்தான் வந்தது. ஆயினும் அதன் மீது ஒரு குறிப்பிட்ட முறையில் பணம் வைத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

ஒரே குதிரைக்கு இரண்டு விலை ஏன்? தோற்ற குதிரைக்கும் பணம் எப்படி? இந்தக் கேள்விகளுக்கான விடை நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் நிகழ்தகவுப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. பந்தயத்தில் பணம் வைக்கக் கற்றுக்கொடுப்பது நம் நோக்கமன்று. பந்தயம் எப்படி இயங்குகிறது, பணம் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதே நோக்கம்.

விலையும் நிகழ்தகவும்

ஒரு குதிரையின் விலை ‘15க்கு 1’ என்றால் என்ன பொருள்? ஒரு ரூபாய் வைத்து வென்றால் 15 ரூபாய் ஆதாயம். வைத்த ஒரு ரூபாயும் திரும்ப வரும். ஆக மொத்தம் 16 ரூபாய் கைக்கு வரும். தோற்றால் வைத்தது போயிற்று.

இந்த விலை எப்போது நியாயமானது? பதினாறு முறை ஓடினால் சராசரியாக ஒரு முறை அந்தக் குதிரை வெல்லுமானால் நியாயமானது. பதினாறு முறை ஒவ்வொரு ரூபாயாக வைத்தால் செலவு 16 ரூபாய். ஒரு முறை வென்றால் வரவு 16 ரூபாய். வரவும் செலவும் சரி. எனவே ‘15க்கு 1’ என்ற விலையின் உள்ளே 1/16 என்ற நிகழ்தகவு ஒளிந்திருக்கிறது. பொதுவாக, விலை ‘அ-வுக்கு 1’ எனில் அதில் அடங்கிய நிகழ்தகவு 1/(அ+1) ஆகும்.

இனி ஒரு கற்பனைப் பந்தயம். பதினாறு குதிரைகள். எல்லாம் சம வலிமையுடையவை. ஒவ்வொன்றும் வெல்லும் நிகழ்தகவு 1/16. நியாய விலை 15க்கு 1. ஆனால் புக்மேக்கர் அந்த விலையைத் தரமாட்டார். 12க்கு 1 என்பார். 12க்கு 1-இல் அடங்கியது 1/13. பதினாறு குதிரைகளுக்கும் கூட்டினால் 16/13, அதாவது ஏறத்தாழ 123 சதவீதம். உலகத்தில் எந்த நிகழ்ச்சிக்கும் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டாது. தாண்டி நிற்கும் அந்த 23தான் புக்மேக்கரின் பிழைப்பு.

பணம் வைப்பவருக்கு இதன் விளைவு என்ன? பதினாறு முறை பத்துப் பத்து ரூபாயாக 160 ரூபாய் வைத்தால் ஒரு முறை 130 ரூபாய் திரும்ப வரும். அதாவது வைத்த ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் சராசரியாக 8 ரூபாய் 12½ காசு. இந்தச் சராசரியைத்தான் கணிதத்தில் ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ என்கிறோம். 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஒரு சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இக்கருத்து வளர்ந்தது.

குதிரைகளைச் சமமாக்கும் ஈயம்

“எல்லாக் குதிரைகளும் எப்படிச் சமமாக இருக்கும்? நல்ல குதிரை எது என்று தெரிந்தவன் வெல்ல மாட்டானா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்காகவே ‘ஹேண்டிகேப்’ என்ற முறை உண்டாயிற்று.

ஹேண்டிகேப் பந்தயத்தில் வலிய குதிரைக்கு அதிகச் சுமை. மெலிந்த குதிரைக்குக் குறைந்த சுமை. முந்தைய ஓட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரி ஒருவர் மதிப்பெண் இடுவார். இங்கிலாந்தில் 1855ஆம் ஆண்டு முதல் இவ்வேலையைச் செய்த அட்மிரல் ரௌஸ் என்பவர் இக்கலையின் முன்னோடி. குதிரையின் வயதுக்கேற்ற எடை அட்டவணையை வகுத்துத் தந்தவரும் அவரே.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 மதிப்பெண் பெற்ற குதிரை 60 கிலோ சுமக்கிறது. 40 மதிப்பெண் பெற்ற குதிரை 20 மதிப்பெண் குறைவு. எனவே அதற்கு 10 கிலோ குறைத்து 50 கிலோ. ஜாக்கியையும் சேணத்தையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார்கள். முதல் குதிரையின் ஜாக்கியும் சேணமும் 53 கிலோதான் என்றால் மீதி 7 கிலோவுக்கு ஈயத் தகடுகளைச் சேணத் துணியின் பைகளில் செருகுவார்கள்.

அரை டன் எடையுள்ள குதிரைக்கு ஐந்தாறு கிலோ ஒரு பொருட்டா? கிராண்ட் நேஷனல் பந்தயத்தின் இன்றைய தூரம் ஏறத்தாழ 6,900 மீட்டர். கூடுதல் சுமையால் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் குறைகிறது என்று கொள்ளுங்கள். முடிவில் அந்தக் குதிரை ஏறத்தாழ 7 மீட்டர் பின்தங்கியிருக்கும். ஒரு குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர். அதாவது மூன்று குதிரை நீளம்! தடை தாண்டும் பந்தயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடையிலும் அந்தச் சுமையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க வேண்டும். எடை × உயரம் என்ற அளவில் வேலை கூடுகிறது. முப்பது தடைகளுக்கு முப்பது முறை.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். “போன முறை இந்தக் குதிரை அபாரமாக ஓடிற்று” என்ற செய்தி உங்களுக்குத் தெரியுமுன் ஹேண்டிகேப் அதிகாரிக்குத் தெரியும். அதற்குரிய ஈயத்தை அவர் ஏற்கனவே ஏற்றிவிட்டார். யூகிப்பவரின் அறிவைச் செல்லாக்காசாக்குவதே ஹேண்டிகேப்பின் வேலை. அந்த வேலை ஒழுங்காக நடந்தால் நம் கற்பனைப் பந்தயத்தைப் போலக் குதிரைகள் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

போதாக்குறைக்குத் தடைகளின் குறும்பும் உண்டு. 1928ஆம் ஆண்டு கிராண்ட் நேஷனலில் 42 குதிரைகள் புறப்பட்டு, இரண்டே இரண்டுதான் முடிவுக் கோட்டை அடைந்தன. வென்ற ‘டிப்பரரி டிம்’ குதிரையின் விலையும் 100க்கு 1.

இருவழிப் பந்தயம்

வெல்லும் குதிரையைச் சொல்வது இவ்வளவு கடினமாயின், “முதலாவதாக வராவிட்டாலும் முன்னணியில் வந்தால் போதும்” என்று பணம் வைக்க முடியாதா? முடியும். இதற்குத்தான் ‘ஈச் வே’ என்று பெயர். இருவழிப் பந்தயம் எனலாம்.

இது உண்மையில் இரண்டு பந்தயங்கள். பத்து ரூபாய் ஈச் வே என்றால் செலவு இருபது ரூபாய். முதல் பத்து, குதிரை வெல்வதற்கு. இதை ‘வின்’ என்பர். இரண்டாம் பத்து, முன்னணி இடங்களுள் ஒன்றில் வருவதற்கு. இதை ‘பிளேஸ்’ என்பர். பிளேஸ் பகுதிக்கு முழு விலை கிடைக்காது. அதன் ஒரு பின்னமே கிடைக்கும்.

பிரிட்டனில் வழக்கமாக உள்ள விதிகள் இவை. 5 முதல் 7 குதிரைகள் ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கு விலையில் கால் பங்கு. 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஹேண்டிகேப் பந்தயமாக இருந்து, 12 முதல் 15 குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடங்களுக்குக் கால் பங்கு. ஹேண்டிகேப்பில் 16 அல்லது அதற்கு மேல் ஓடினால் முதல் நான்கு இடங்களுக்குக் கால் பங்கு.

1967இல் ஹனி எண்டின் விலை 15க்கு 2, அதாவது 7½க்கு 1. இன்றைய விதிப்படி கணக்கிடுவோம். பத்து ரூபாய் ஈச் வே வைத்தவர், குதிரை இரண்டாவதாக வந்ததால் வின் பகுதியில் பத்து ரூபாயை இழப்பார். பிளேஸ் பகுதியில் 7½-இல் கால் பங்கு 1.875, பத்து ரூபாய்க்கு 18 ரூபாய் 75 காசு ஆதாயம். நிகர ஆதாயம் 8 ரூபாய் 75 காசு. தோற்ற குதிரைக்கும் பணம் கிடைத்த ரகசியம் இதுதான்.

16க்கும் 15க்கும் இடையே

நம் பதினாறு சமக் குதிரைகளுக்குத் திரும்புவோம். விலை 12க்கு 1. பிளேஸ் விலை அதில் கால் பங்கு, 3க்கு 1. வென்றால் பத்து ரூபாய்க்கு நாற்பது ரூபாய் கைக்கு வரும். நான்கு இடங்கள் இருப்பதால் நிகழ்தகவு 4/16 = 1/4. எதிர்பார்ப்பு மதிப்பு 40-இல் கால் பங்கு, அதாவது சரியாகப் பத்து ரூபாய்!

வியப்பாக இல்லையா? வின் பகுதியில் பத்து ரூபாய்க்கு ஏறத்தாழ 1 ரூபாய் 88 காசு நட்டம். பிளேஸ் பகுதியில் நட்டமே இல்லை. இரண்டையும் சேர்த்தால் இருபது ரூபாய்க்கு 18 ரூபாய் 12½ காசு திரும்ப வரும். வின் மட்டும் வைத்தால் நட்டம் 18¾ சதவீதம்; ஈச் வே வைத்தால் 9.4 சதவீதம். பெரிய ஹேண்டிகேப் பந்தயங்களில் அனுபவசாலிகள் ஈச் வே வைப்பதை விரும்பும் காரணம் இதுவே.

ஆனால் பதினாறுக்குப் பதில் பதினைந்து குதிரைகள்தான் பதிவாகியுள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அதே 12க்கு 1. ஒரு போட்டியாளர் குறைந்தால் நல்லதுதானே? வின் பகுதிக்கு நல்லதுதான்; 130/15 = 8 ரூபாய் 67 காசு. ஆனால் விதிப்படி நான்காம் இடம் மறைந்துவிட்டது. பிளேஸ் நிகழ்தகவு 3/15. எதிர்பார்ப்பு மதிப்பு பத்திலிருந்து எட்டு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. மொத்தம் 16 ரூபாய் 67 காசு. எந்தக் குதிரை என்பதைவிட எத்தனை குதிரைகள் என்ற எண்ணிக்கை பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

இரண்டாம் இடத்தின் கணக்கு

குதிரைகள் சமமில்லாதபோது பிளேஸ் நிகழ்தகவைக் காண்பது எப்படி? 1973இல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியல் அறிஞர் ஓர் எளிய வழி சொன்னார். ஒரு குதிரை முதலிடம் பிடித்துவிட்டால் அதை நீக்கிவிட்டு, மீதிக் குதிரைகளுக்குள் புதிதாக ஒரு பந்தயம் நடப்பதாகக் கருதுங்கள் என்பதே அவ்வழி.

க, ங, ச, ஞ என்று நான்கு குதிரைகள். வெல்லும் நிகழ்தகவுகள் முறையே 0.50, 0.25, 0.15, 0.10. முதல் இரண்டு இடங்களுக்குள் ங வரும் நிகழ்தகவு என்ன?

க வென்றால் மீதியுள்ள 0.50-இல் ங-வின் பங்கு 0.25, அதாவது பாதி. எனவே 0.50 × 0.50 = 0.250. ச வென்றால் 0.15 × 0.25/0.85 = 0.044. ஞ வென்றால் 0.10 × 0.25/0.90 = 0.028. ங தானே வெல்ல 0.250. கூட்டினால் 0.572. வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்றே உள்ள குதிரை, முதல் இரண்டுக்குள் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல்! இதே முறையில் க-வுக்கு 0.810, ச-வுக்கு 0.367, ஞ-வுக்கு 0.251 வரும். நான்கையும் கூட்டினால் 2 வருகிறது. ஏன் 1 அல்ல, 2? யோசித்துப் பாருங்கள்.

உண்மைப் பந்தயங்கள் இந்தச் சூத்திரத்துக்குச் சிறிது விலகியே நடக்கின்றன. ஆயினும் ஓர் உண்மை புலனாகிறது. பிளேஸ் வாய்ப்பு ஒவ்வொரு குதிரைக்கும் வெவ்வேறு விகிதத்தில் உயர்கிறது. புக்மேக்கரின் பின்னமோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. இவ்விரண்டும் பொருந்தாத இடத்தில் சிறு இடுக்கு தோன்றும். 1981இல் ஹாஷ், ஸீம்பா, ரூபின்ஸ்டீன் ஆகிய மூவர் வட அமெரிக்க மைதானங்களில் இத்தகைய இடுக்குகளை ஆராய்ந்து எழுதினர். இடுக்குகள் உண்டு; ஆனால் மிகச் சிறியவை, அரியவை. அவற்றைக் காணக் கடைசி நிமிடத்தில் கணிப்பொறி கொண்டு கணக்கிட வேண்டும். மேலும் வழக்கமாக வெல்பவரிடம் அதிகப் பணம் வாங்க எந்தப் புக்மேக்கரும் விரும்புவதில்லை.

‘பரி’ என்றால் என்ன?

நம் புதுச்சேரியில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தமிழ் படிக்கும் மாணவர்களுக்குப் பரி என்றால் குதிரை. பிரெஞ்சு படிக்கும் மாணவர்களுக்குப் பரி என்றால் பந்தயம்! டோட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் முறையின் மூலப்பெயர் ‘பரி முத்துவெல்’. பரஸ்பரப் பந்தயம் என்று பொருள். 1860-களில் பாரிஸ் நகரில் இதை உருவாக்கியவர் ஜோசப் ஓலேர். பின்னாளில் ‘மூலேன் ரூழ்’ என்ற பெயர்பெற்ற கேளிக்கை அரங்கைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அவரே. 1891ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம் இம்முறைக்கு அங்கீகாரம் தந்தது.

இதில் முன்கூட்டி விலை கூறுவார் எவருமில்லை. எல்லோர் பணமும் ஓர் உண்டியலில் சேரும். நடத்துபவர் தம் பங்கையும் வரியையும் கழித்துக்கொள்வார். மிஞ்சியதை வென்றவர்கள் தாங்கள் வைத்த பணத்தின் விகிதப்படி பிரித்துக்கொள்வர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். வாங்குவோர் மொய்த்தால் விலை ஏறும். ஆளில்லாத கூடையின் விலை இறங்கும். டோட்டிலும் அவ்வாறே. பலர் மொய்த்த குதிரை வென்றால் ஆளுக்குக் கொஞ்சம். எவரும் சீந்தாத குதிரை வென்றால் ஓரிருவருக்கு மலையளவு. ஃபாய்னவானுக்கு 444 வந்தது இப்படித்தான். கழிவு போக மிஞ்சிய பணத்தை 445 பங்கு போட்டால் அதில் ஒரே ஒரு பங்களவு பணம்தான் அந்தக் குதிரையின் மேல் இருந்தது.

டோட்டில் பிளேஸுக்குத் தனி உண்டியல். எளிமையாகச் சொன்னால், 60,000 ரூபாய் சேர்ந்தது, 20 சதவீதம் கழிவு, மீதி 48,000. மூன்று இடங்களுக்கும் ஆளுக்கு 16,000. முதல் குதிரை மீது 14,000 ரூபாய் இருந்திருந்தால் ரூபாய்க்கு 1 ரூபாய் 14 காசுதான். மூன்றாவதாக வந்ததன் மீது 2,000 ரூபாய்தான் இருந்தது எனில் ரூபாய்க்கு எட்டு ரூபாய். முதலாவதாக வந்ததைவிட மூன்றாவதாக வந்ததற்கு அதிகம்!

இந்தக் கூட்டல் வகுத்தலைக் கையால் செய்வது பெரும்பாடு. ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியியலார் முதலில் தேர்தல் வாக்கு எண்ணுவதற்கென்று வடிவமைத்த இயந்திரத்தை இதற்கு மாற்றினார். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் எல்லர்ஸ்லீ மைதானத்தில் அது நிறுவப்பட்டது. பற்சக்கரங்களால் இயங்கிய அந்தப் பெரும் இயந்திரம் கணிப்பொறியின் தூரத்து உறவினர் எனலாம்.

கூட்டத்தின் கணிப்பு எவ்வளவு சரி? 1949இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலார் பல பந்தயங்களின் முடிவுகளை அலசினார். மக்கள் பொதுவாகச் சரியாகவே கணித்திருந்தனர். ஆனால் ஒரு சாய்வு தென்பட்டது. 100க்கு 1 போன்ற குதிரைகளின் மேல் அவற்றின் தகுதிக்கு மேல் பணம் வைக்கிறார்கள். ஃபாய்னவான் போன்ற கதைகள் நினைவில் நிற்கின்றன. தோற்றுப்போன ஆயிரக்கணக்கான ஃபாய்னவான்களின் பெயர் எவருக்கும் நினைவில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா?

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பெரிய பந்தய மைதானம் சென்னை கிண்டி. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தயம் தொடங்கிவிட்டது. மதராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. ரேஸ் மோகத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற கவலையால் 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் முதலியவற்றை எடைபோடுவதில் திறமை மேலோங்கி நிற்கிறது. எனவே இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அன்று என்று நீதிமன்றம் கூறியது. 2024 செப்டம்பரில் கிண்டி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது. அதுவும் நீதிமன்றம் சென்றது.

திறமை உண்டு என்றால் திறமைசாலிகள் வெல்ல வேண்டுமே? இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். உண்டியலில் விழும் பணம் எல்லாம் பணம் வைப்பவர்களுடையதே. வெளியிலிருந்து ஒரு காசும் வருவதில்லை. அதிலிருந்து கழிவும் வரியும் போகின்றன. இந்தியாவில் குதிரைப் பந்தயத்துக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீதமும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமும் சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே பணம் வைப்போர் அனைவரும் மேதைகளாக இருந்தாலும், அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் நட்டமே. ஒருவருடைய திறமை அடுத்தவர் பையிலிருந்து எடுக்க உதவலாம். எல்லோருக்கும் ஆதாயம் தர அதனால் இயலாது.

நட்டம் எவ்வளவு விரைவில் வளரும்? ஒருவர் 1,000 ரூபாயுடன் வந்து, கையில் உள்ள முழுவதையும் ஒவ்வொரு பந்தயத்திலும் பல குதிரைகள் மேல் பிரித்து வைத்துக்கொண்டே போகிறார் என்று கொள்வோம். வின் மட்டும் வைத்தால் (நட்டம் 18¾ சதவீதம்) ஐந்து பந்தயங்களுக்குப் பின் சராசரியாகக் கையில் 354 ரூபாய். ஈச் வே வைத்தால் (நட்டம் 9.4 சதவீதம்) 611 ரூபாய். ஈச் வே நட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது, திசையை மாற்றுவதில்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு கொட்டாங்குச்சி, ஒரு பிடி புளியங்கொட்டை, 1 முதல் 16 வரை எண்ணிட்ட சீட்டுகள்.

நண்பர் ஒருவர் புக்மேக்கர். நீங்கள் ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு ஒரு கொட்டையை வின் மேலும் ஒரு கொட்டையைப் பிளேஸ் மேலும் வையுங்கள். கொட்டாங்குச்சியைக் குலுக்கி நான்கு சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கவும். முதல் சீட்டில் உங்கள் எண் வந்தால் வின் பகுதிக்கு 13 கொட்டை. நான்கில் எதில் வந்தாலும் பிளேஸ் பகுதிக்கு 4 கொட்டை. வின், பிளேஸ் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுங்கள். நூறு முறை ஆடினால் வின் பகுதியில் ஏறத்தாழ 81 கொட்டையும் பிளேஸ் பகுதியில் ஏறத்தாழ 100 கொட்டையும் திரும்ப வர வேண்டும்.

இனி வகுப்பில் 40 பேரும் தனித்தனியே வின் மட்டும் பத்து முறை ஆடுங்கள். பத்தில் ஒரு முறை வென்றாலே 13 கொட்டை, ஆதாயம்தான். ஒரு முறைகூட வெல்லாதிருக்கும் நிகழ்தகவு (15/16)-இன் பத்தாம் அடுக்கு, ஏறத்தாழ 0.52. அதாவது நாற்பது பேரில் பத்தொன்பது பேர் ஆதாயத்துடன் எழுந்திருப்பார்கள்! நூறு முறை ஆடினால் ஆதாயத்தில் இருப்பவர் சுமார் பதினொருவர். ஆயிரம் முறை ஆடினால் ஒருவரோ இருவரோ.

இக்கட்டுரையில் நினைவில் நிறுத்த வேண்டிய இடம் இதுவே. புக்மேக்கரின் விலை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒன்றேதான். முதல் ஆட்டத்திலும் நட்டம் 18¾ சதவீதமே. ஆனால் முதல் பத்து ஆட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் வென்றவர்களாகத் தெரிகிறார்கள். வென்றவர் தம் திறமை என்று எண்ணி மறுவாரமும் வருகிறார். “எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெயித்தார்” என்று தெருவில் உலவும் பேச்சு பொய்யில்லை. அது பத்தாவது ஆட்டத்தோடு நின்றுபோன கணக்கு. ஆயிரமாவது ஆட்டத்தின் கணக்கைப் பெரும்பாலும் எவரும் வெளியே சொல்வதில்லை. அது வீட்டுக்கு வராத சம்பளமாகவும் அடகுக்குப் போன வளையலாகவும் இருக்கும்.

ஈச் வே ஆடுபவரின் நிலை என்ன? பத்து ஆட்டத்தில் ஒரு முறைகூடப் பிளேஸ் கிடைக்காதிருக்கும் நிகழ்தகவு (3/4)-இன் பத்தாம் அடுக்கு, ஏறத்தாழ 0.06 மட்டுமே. வெறுங்கையோடு போவோர் நூற்றுக்கு ஆறு பேர்தான். மற்றவர்க்கெல்லாம் அவ்வப்போது ஏதோ கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஆறுதலே அவர்களை நெடுநேரம் சாளரத்தருகே நிற்க வைக்கிறது.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த ஆட்டமாயினும், குதிரையோ சீட்டோ சுழலும் சக்கரமோ, அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். எல்லா விலைகளிலும் அடங்கிய நிகழ்தகவுகளைக் கூட்டினால் நூறா, நூறுக்கு மேலா? உண்டியலிலிருந்து பங்கிடுமுன் எவ்வளவு கழிக்கிறார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் குதிரையின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

சிந்திக்க: எட்டுச் சமக் குதிரைகள். விலை 6க்கு 1. முதல் மூன்று இடங்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. வின், பிளேஸ் இரண்டில் எதில் நட்டம் அதிகம்? பதினாறு குதிரைப் பந்தயத்தின் விடையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.